டைமிங்கைத் திருகுவதற்கு முன் ஸ்பிரிங்கைப் பாருங்கள்

பழைய வட ஆற்காட்டுப் பக்கம் அம்பாசடரும் பத்மினியும் இன்னும் முழுக்க மறைந்துவிடவில்லை. அப்பா வாங்கிய வண்டி என்று விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் வேலூரிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இருக்கிறார்கள். அந்த வண்டிகளைப் பற்றி அடிக்கடி காதில் விழும் புகார் ஒன்று உண்டு. சமதளத்தில் நன்றாகத்தான் ஓடுகிறது, ஏலகிரி மலை ஏறினால் மட்டும் இன்ஜினுக்குள் கிணுகிணுவென்று சத்தம் வருகிறது என்பார்கள். கூடவே இன்னொன்றும் சொல்வார்கள். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் ஐடிலிங் உடனே இறங்குவதில்லை, கொஞ்ச நேரம் உயரத்திலேயே நின்றுவிட்டுத்தான் இறங்குகிறது.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் பெரும்பாலும் நடப்பது இதுதான்:

"அண்ணே, மேடு ஏறுறப்ப நாக்கிங் அடிக்குது."

"டைமிங் அதிகமா இருக்குது சார். கொஞ்சம் கொறச்சு வச்சா போயிடும்."

நாக்கிங் என்பது அந்தக் கிணுகிணு சத்தம், டைமிங் என்பது பிளக்கில் பொறி விழும் நேரம். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் கிளாம்பைத் தளர்த்தி, அதன் உடம்பைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி இறுக்கிவிடுவார்கள். சத்தம் போய்விடும். அதோடு பிக்கப்பும் போய்விடும், மைலேஜும் குறையும், சித்திரை வெயிலில் டெம்பரேச்சர் முள் மேலே ஏறும். சத்தத்தை அடக்கியாகிவிட்டது, கோளாறு மட்டும் உள்ளேயே இருக்கிறது. அந்தக் கோளாறு பல வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டரின் அடித்தட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும் இரண்டு குட்டி ஸ்பிரிங்குகளில்தான் இருக்கிறது. அவை என்ன வேலை செய்கின்றன, தேய்ந்துவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி மாற்றுவது என்பதைப் புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

அட்வான்ஸ் எதற்கு?

பிளக்கில் பொறி விழுந்த கணத்திலேயே பெட்ரோல் கலவை முழுக்க எரிந்துவிடாது. தீ பரவ ஓரிரு மில்லி செகண்டாவது ஆகும். பிஸ்டன் உச்சியைத் தாண்டி, அது சுழற்றும் கிராங்க் ஏறத்தாழ 15 டிகிரி திரும்பிய நேரத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்துக்கு வந்தால் இன்ஜினுக்கு முழு பலம் கிடைக்கும். அதற்குப் பொறி முன்கூட்டியே, பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே விழுந்தாக வேண்டும். இப்படி முன்கூட்டுவதைத்தான் அட்வான்ஸ் என்கிறோம்.

எவ்வளவு முன்கூட்டி என்பது வேகத்தைப் பொறுத்தது. 600 ஆர்.பி.எம்.மில் கிராங்க் ஒரு மில்லி செகண்டுக்கு 3.6 டிகிரிதான் திரும்பும். 3,000 ஆர்.பி.எம்.மில் அதே ஒரு மில்லி செகண்டில் 18 டிகிரி திரும்பிவிடும். தீ பரவ ஆகும் நேரம் அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஆகவே வேகம் கூடக் கூட, பொறியும் முன்னால் நகர்ந்துகொண்டே போக வேண்டும். நிலையாக ஓரிடத்தில் வைத்த டைமிங் ஒரே ஒரு வேகத்துக்குத்தான் சரியாக இருக்கும்.

இன்றைய கார்களில் இதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், பத்மினியின் 1089 சி.சி. இன்ஜின், மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கார்புரேட்டர் காலத்து மாருதி 800 எல்லாவற்றிலும் இதைச் செய்வது இரண்டு இரும்பு வெயிட்டும் இரண்டு ஸ்பிரிங்கும்தான். டீசல் அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, அதில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது.

வெயிட்டும் ஸ்பிரிங்கும்

திருவிழாவில் சங்கிலி ராட்டினம் பார்த்திருப்பீர்கள். நிற்கும்போது நாற்காலிகள் நேராகத் தொங்கும், சுற்ற ஆரம்பித்ததும் வெளிப்பக்கமாக விரியும். டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும் வெயிட்டுகளும் அப்படித்தான் விரிகின்றன. விரியும்போது அவை மேலே இருக்கும் கேமைச் சுழலும் திசையிலேயே சில டிகிரி முன்னால் தள்ளுகின்றன. கேம் முன்னால் போனால், அது திறந்து மூடும் சி.பி. பாயிண்ட் என்ற மின் தொடர்பு சீக்கிரம் திறக்கும், பொறியும் சீக்கிரம் விழும்.

இந்த விரிவைப் பிடித்து நிறுத்துவது ஸ்பிரிங்கின் வேலை. எந்த வேகத்தில் எத்தனை டிகிரி என்பதை முடிவு செய்வது அதன் இழுவிசை. மொத்தமாக எத்தனை டிகிரி வரை போகலாம் என்பதை ஸ்பிரிங் முடிவு செய்வதில்லை. கேமின் கால் ஒரு தடுப்பில் போய் இடிக்கும், அதோடு அட்வான்ஸ் நின்றுவிடும். லூகாஸ் கம்பெனி வகை டிஸ்ட்ரிபியூட்டர்களில் அந்த அளவு டிகிரியாக அந்தக் காலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், அங்கே 12 என்று இருந்தால் கிராங்கில் அது 24 டிகிரி.

இதை மனதில் வைத்துக்கொண்டால் தளர்ந்த ஸ்பிரிங் என்ன செய்யும் என்பது தானாகப் புரியும். மொத்த அட்வான்ஸ் அதிகரிக்காது. ஆனால் 2,500 ஆர்.பி.எம்.மில் வர வேண்டியது 1,500-லேயே வந்து நின்றுவிடும். ஏலகிரி வளைவில் மூன்றாவது கியரில், குறைந்த ஆர்.பி.எம்.மில் ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பிடித்து ஏறும்போது சிலிண்டர் நிறையக் கலவை இருக்கும், அந்த வேகத்துக்கு உரியதைவிட முன்கூட்டியே பொறி விழும், நாக்கிங் வரும். சமதளத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதே அட்வான்ஸ் தேவையானதுதான் என்பதால் எந்தக் குறையும் தெரியாது. அதனால்தான் உடம்பைத் திருப்பி டைமிங்கைக் குறைப்பது தப்பான வைத்தியம். எல்லா வேகத்திலும் பொறி தாமதமாகிறது. குறைந்த வேகத்தில் மட்டும் இருந்த பிழையைத் திருத்தப் போய், மற்ற எல்லா வேகத்தையும் கெடுத்துவிடுகிறோம். நாக்கிங்கை அப்படியே விட்டுவிடுவதும் ஆபத்துதான். பிஸ்டன் தலை, ரிங், ஹெட் கேஸ்கட் என்று செலவு மேலே மேலே போகும்.

தளர்வு போலத் தெரியும் ஸ்பிரிங்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பல லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர்களில் இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று மெல்லிய கம்பி, அது எப்போதும் லேசாக இழுபட்ட நிலையில் இருக்கும். மற்றது தடித்த கம்பி, அதன் ஒரு முனையின் வளையம் நீளவாக்கில் பெரிதாக இருக்கும். இன்ஜின் நிற்கும்போது அந்த வளையம், அது மாட்டியிருக்கும் குச்சியில் லொடலொடவென்று ஆடும். 'ஐயோ, இது தொங்கிப் போச்சே' என்று அதை மாற்றிவிடாதீர்கள். தயாரிப்பாளரே அப்படித்தான் வைத்திருக்கிறார். முதலில் மெல்லிய ஸ்பிரிங் மட்டும் தடுக்கும், அட்வான்ஸ் வேகமாக ஏறும். வெயிட் ஓரளவு விரிந்த பிறகு தடித்ததும் சேர்ந்து இழுக்கும், அட்வான்ஸ் ஏறுவது மெதுவாகும்.

ஆகவே சந்தேகப்பட வேண்டியது பெரும்பாலும் மெல்லிய ஸ்பிரிங்கைத்தான். ஓய்வு நிலையில் அதில் துளிகூடத் தொய்வு இருக்கக் கூடாது. கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் இடைவெளி தெரிந்தால் யாரோ பிளேயரால் இழுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அடுத்துக் கொக்கியின் உள்வளைவைப் பாருங்கள். பல வருஷம் குச்சியில் உரசி உரசி அந்த இடத்தில் மட்டும் கம்பி பாதியாக மெலிந்திருக்கும். குச்சியிலும் அதே அளவில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும், நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். சுருளின் இழுவிசை குறைவதைவிட இந்தக் கொக்கித் தேய்மானம்தான் அதிகம். கால் மில்லிமீட்டர் தேய்ந்தாலும் ஓய்வு நிலையின் இழுவை போய்விடும். ஐடிலிங்கிலேயே வெயிட் விரியத் தொடங்கும். ஐடிலிங் ஏறி இறங்கி ஊசலாடுவதற்கும், சீக்கிரம் இறங்காமல் நிற்பதற்கும் இது ஒரு காரணம்.

வெயிட்டைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் பொடி படிந்திருந்தால் எண்ணெய் காணாமல் இரும்போடு இரும்பு உரசியிருக்கிறது. அப்படி இறுகிப்போன வெயிட் நேர்மாறான தொல்லை கொடுக்கும். அட்வான்ஸே வராது, வண்டி மந்தமாக ஓடும், சைலன்சர் அதிகமாகச் சுடும். புது ஸ்பிரிங் போட்டு இது சரியாகாது. சுத்தம் செய்து எண்ணெய் விட்டாலே போதும்.

கையால் ஒரு சோதனை

இன்ஜினை நிறுத்திவிட்டு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே ஷாஃப்டின் உச்சியில் இருக்கும் ரோட்டாரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துத் திருப்புங்கள். ஒரு திசையில்தான் அது கொஞ்சம் நகரும். முடிந்த வரை திருப்பிச் சட்டென்று விடுங்கள். 'டக்'கென்று பழைய இடத்துக்குத் திரும்பினால் நல்லது. சோம்பலாகத் திரும்பினாலோ, பாதியில் நின்றாலோ, திருப்ப ஆரம்பிக்கும்போது எந்தத் தடையுமில்லாமல் ஒன்றிரண்டு டிகிரி சும்மா ஆடினாலோ உள்ளே பார்க்க வேண்டியதுதான். கை பழகியவருக்கு இரண்டு கட்டத் தடையும் தெரியும், முதலில் லேசாக இருந்து பிறகு இறுகும். அந்த வித்தியாசத்தை உணர ஒரு நல்ல டிஸ்ட்ரிபியூட்டரை ஒருமுறை தொட்டுப் பார்ப்பது மிகவும் உதவும். உங்கள் பகுதியில் பழைய வண்டி பார்க்கும் மெக்கானிக் பாய் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், இப்படிப்பட்ட விஷயங்களை ஆசையாகக் காட்டிக்கொடுப்பார்கள்.

ரோட்டாரை அப்படியே பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். ஷாஃப்ட் ஆடினால் அதைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. அந்த நிலையில் பாயிண்ட் இடைவெளியே நிலையாக நிற்காது, ஸ்பிரிங் மாற்றியும் பலனில்லை.

டைமிங் லைட்டோடு

கைச் சோதனை சந்தேகத்தைத் தரும், பொறி விழும்போதெல்லாம் மின்னிப் புல்லியின் குறியைக் காட்டும் டைமிங் லைட் உறுதி செய்யும். முதலில் கார்புரேட்டரிலிருந்து வரும் வேக்குவம் குழாயைக் கழற்றி, அதன் வாயை அடைத்துவிடுங்கள். வேக்குவம் அட்வான்ஸ் தனி ஏற்பாடு, ஆக்ஸிலேட்டரை லேசாகத் திறந்திருக்கும்போது மட்டும் பெட்ரோலை மிச்சப்படுத்த உதவுவது. மேட்டில் முழுசாக அழுத்தினால் வேக்குவமே விழுந்துவிடும். அது குறுக்கே வந்தால் நமக்கு ஸ்பிரிங்கின் கணக்கு கிடைக்காது.

கிராங்க் புல்லியில் டிகிரி குறி இல்லாவிட்டால் நாமே போட்டுக்கொள்ளலாம். புல்லியின் விட்டத்தை 3.14-ஆல் பெருக்கி 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று வரும். விட்டம் 140 மில்லிமீட்டர் என்றால் ஒரு டிகிரிக்கு சுமார் 1.2 மில்லிமீட்டர். 10 டிகிரிக்கு ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் தள்ளி வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு, 20-க்கு இன்னொன்று, 30-க்கு இன்னொன்று. கோடுகளை எந்தப் பக்கம் போடுவது என்பதில் கவனம் வேண்டும். புல்லி சுழலும்போது, உச்சிக் குறிக்கு முன்னால் இன்ஜினில் உள்ள முள்ளைக் கடந்து போகிற பக்கம்தான் அட்வான்ஸ் பக்கம்.

இன்ஜின் சூடான பிறகு ஐடிலிங்கில் தொடங்கி 500, 500-ஆக ஏற்றி ஒவ்வொரு படியிலும் எத்தனை டிகிரி என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் ஆக்ஸிலேட்டரைப் பிடிக்க, ஒருவர் லைட்டைப் பிடிக்க வேண்டும். ஃபேன் முன்னால் குனிகிறவர் தோளில் துண்டு இருக்கக் கூடாது, லுங்கியோடு இந்த வேலை வேண்டாம்.

சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். பல புத்தகங்களில் அது டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரியாகவும் டிஸ்ட்ரிபியூட்டர் வேகமாகவும் இருக்கும். இரண்டையும் இரண்டால் பெருக்க வேண்டும். அங்கே 500-க்கு 4 டிகிரி என்றிருந்தால், கிராங்கில் 1,000-க்கு 8 டிகிரி. அதோடு நிலை டைமிங்கையும் (வெயிட் விரியாதபோது உள்ள டைமிங்) கூட்டினால்தான் லைட்டில் தெரிய வேண்டிய எண் வரும். உங்கள் எண்கள் கீழ் வேகத்தில் புத்தகத்தைவிட அதிகமாகவும், மேல் வேகத்தில் புத்தகத்தோடு ஒத்தும் இருந்தால் ஸ்பிரிங் தளர்வு உறுதி. எல்லா வேகத்திலும் ஒரே அளவு அதிகம் என்றால் ஸ்பிரிங்கில் குற்றமில்லை, நிலை டைமிங்தான் தவறு. அப்போது மட்டும் கிளாம்பைத் தளர்த்துங்கள்.

மாற்றுவது

ஸ்பிரிங்கை டிஸ்ட்ரிபியூட்டர் வண்டியில் இருக்கும்போதே மாற்ற முடியும். இருந்தாலும் புதியவர்கள் வெளியே எடுத்துச் செய்வதே நல்லது. உள்ளிருக்கும் திருகுகள் மிளகைவிடக் கொஞ்சம் பெரியவை, அவ்வளவுதான். ஒன்று கீழே நழுவினால் அரை நாள் போய்விடும்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். முதல் சிலிண்டர் பொறி விழும் இடத்துக்கு இன்ஜினைக் கையால் திருப்பி வைத்து, ரோட்டார் முனை நிற்கும் இடத்தை டிஸ்ட்ரிபியூட்டர் விளிம்பில் குறித்துக்கொள்ளுங்கள். உடம்புக்கும் பிளாக்குக்கும் சேர்த்து ஒரு கோடு கீறுங்கள். அம்பாசடரின் பழைய 1489 இன்ஜினில் அடிமுனை நடுவிலிருந்து சற்று விலகியிருப்பதால் தலைகீழாகப் பொருந்தாது. மற்ற வண்டிகளில் அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகலாம், குறி போட மறக்க வேண்டாம். வெளியே எடுத்த பிறகு யாரும் இன்ஜினைத் திருப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, ரோட்டார், பாயிண்ட், கன்டென்சர் என்று வரிசையாக எடுத்து வையுங்கள். வேக்குவம் டப்பாவின் கொக்கியை அடித்தட்டிலிருந்து விடுவியுங்கள். அடித்தட்டைப் பிடித்திருப்பவை இரண்டு சின்னத் திருகுகள், ஒன்றில் எர்த் ஒயரும் மாட்டியிருக்கும். தட்டைத் தூக்கினால் வெயிட்டும் ஸ்பிரிங்கும் கண்ணுக்குத் தெரியும். கைவைக்கும் முன் மொபைலில் நேர் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். எந்த ஸ்பிரிங் எந்தப் பக்கம் என்ற குழப்பத்துக்கு அதுதான் சாட்சி.

ஸ்பிரிங்கைப் பிளேயரால் பிடித்து இழுக்காதீர்கள். தேவைக்குமேல் ஒருமுறை இழுபட்டால் புது ஸ்பிரிங்கும் அப்போதே பழசாகிவிடும். சைக்கிள் ஸ்போக் கம்பியின் நுனியைச் சின்னக் கொக்கியாக வளைத்துக்கொண்டு, குச்சியின் தலைக்கு மேலாக வளையத்தை மட்டும் தூக்கி எடுங்கள். மாட்டும்போதும் அதே கம்பிதான். வெளியே எடுத்த வெயிட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, அச்சில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். கிரீஸ் அப்ப வேண்டாம், தூசியோடு சேர்ந்து அதுவே பசையாகிவிடும். வேலூர் வெயிலில் எண்ணெய் சீக்கிரம் காயும். அதனால் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ரோட்டாரை எடுத்துவிட்டு, கேமின் நடுவில் தெரியும் திருகின் மேல் இரண்டு சொட்டு விடும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

புது ஸ்பிரிங் வாங்கும்போது வண்டியின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஒரே மாடல் வண்டிக்கு வெவ்வேறு வருஷங்களில் வெவ்வேறு டிஸ்ட்ரிபியூட்டர் வந்திருக்கும். உடம்பின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள், பழைய ஜோடியையும் கையில் எடுத்துப் போங்கள். கம்பியின் தடிமன், சுருள்களின் எண்ணிக்கை, வளையத்தின் நீளம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். எப்போதும் ஜோடியாகவே மாற்றுங்கள். பழைய ஸ்பிரிங்கில் ஒரு சுருளை வெட்டிவிட்டுக் கொக்கி வளைத்து மாட்டும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. சுருள் குறைந்தால் ஸ்பிரிங் குட்டையாவதோடு விறைப்பாகவும் ஆகும். அட்வான்ஸ் தேவையான நேரத்தில் வராமல் போகும். நாக்கிங் நின்றதைக் கண்டு சரியாகிவிட்டது என்று நினைப்போம், உண்மையில் பழையபடி மந்தமான வண்டிதான் மிஞ்சும். குச்சியில் ஆழமாகப் பள்ளம் விழுந்திருந்தால் புது ஸ்பிரிங்கும் அந்தப் பள்ளத்தில்தான் போய் உட்காரும். அப்போது ஷாஃப்டோடு அந்தத் தட்டையே நல்ல நிலையில் உள்ள வேறொன்றாக மாற்றுவதுதான் வழி.

பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டவர்கள் தங்களுக்கு இதெல்லாம் தேவையில்லை என்று நினைக்கலாம். பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே பொருத்தும் சாதாரண கிட் பொறியைத் தூண்டும் வேலையை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. அட்வான்ஸ் கொடுப்பது அப்போதும் இதே ஸ்பிரிங்குகள்தான்.

மாட்டிய பிறகு

பாயிண்ட் இடைவெளியை முதலில் வையுங்கள். இந்த லூகாஸ் வகைக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும் என்பதால் வரிசை முக்கியம். பிறகு பேட்டரியை மறுபடி மாட்டி, 12 வோல்ட் டெஸ்ட் லேம்பை, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் இணைத்து இக்னிஷனைப் போடுங்கள். பாயிண்ட் திறக்கும் நொடியில் பல்பு எரியும். புத்தகத்தில் சொன்ன குறியில் அது எரியும்படி உடம்பைத் திருப்பி இறுக்குங்கள். முன்பு யாராவது நாக்கிங்குக்காகக் குறைத்து வைத்திருந்தால், நீங்கள் கீறிய கோட்டுக்கே திரும்பக் கொண்டுபோய் வைக்காதீர்கள், அது அந்தப் பழைய தவறின் இடம். புத்தக அளவுக்கே வையுங்கள். மறுபடி டைமிங் லைட் பிடித்து, படிப்படியாக ஏற்றி, முன்பு எழுதிய எண்களுக்குப் பக்கத்திலேயே புது எண்களை எழுதுங்கள். வேக்குவம் குழாயை மாட்ட மறக்க வேண்டாம்.

ரோட்டில் பார்க்க உடனே மலைக்குப் போகத் தேவையில்லை. விடியற்காலையில் நெரிசலில்லாத நேரமாகப் பார்த்துக் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் டாப் கியரில், வேகத்தைக் கூட்டாமல் ஏறிப் பாருங்கள். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தும்போது சத்தமில்லாமல் இழுத்தால் வேலை முடிந்தது. ஒரே ஒரு நொடி லேசாகக் கிணுகிணுத்து அடங்கினால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். எண்கள் புத்தகத்தோடு ஒத்துப்போன பிறகும் சத்தம் தொடர்ந்தால் டிஸ்ட்ரிபியூட்டரை விட்டுவிடுங்கள். தப்பான வெப்ப அளவுள்ள பிளக், பெட்ரோல் குறைந்த கலவை, ரேடியேட்டர் அடைப்பால் வரும் சூடு, சிலிண்டர் ஹெட்டில் பல வருஷமாகப் படிந்த கார்பன் என்ற வரிசையில் தேடுங்கள். பிளக்கைக் கழற்றிப் பார்க்க அஞ்சு நிமிஷம்தான் ஆகும், அங்கிருந்தே தொடங்கலாம்.